அட்டை வீட்டின் உள்ளளவு

வெள்ளம் வடிந்த ஐம்பதாம் நாள், அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் நடுக்கூடத்தில் ஒரு வீடு எழுந்தது. அதில் செங்கல் இல்லை, சிமெண்ட் இல்லை, ஓர் ஆணிகூட இல்லை. ஒன்பது அங்குலத் தடிமனுள்ள பெட்டிகளைச் செங்கல்லாக அடுக்கி, பசைநாடா சுற்றி, கதவுக்கு வழிவிட்டு, சன்னலுக்கு வெட்டி, ஒன்றரை நாளில் நிமிர்த்திய வீடு. கூரை மட்டும் இல்லை. பழைய கூரை எந்த ஊரில் ஒதுங்கிக் கிடக்கிறதோ என்று இன்னும் பேசிக்கொண்டிருந்த மக்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

ஆற்றங்கரைத் தெருவில் இருபத்து நான்கு வீடுகள் இருந்தன. இப்போது இருபத்து நான்கு மனைகள் இருந்தன. அங்கே மீண்டும் வீடெழுப்ப வரைபடம் போடும் பொறுப்பு, ஓர் அக்காவும் தம்பியும் நடத்தும் சிறிய வரைவு அலுவலகத்திடம் வந்திருந்தது. அக்கா கட்டடம் வரைபவர்; தம்பி இன்ஜினியர். ஆனால் தெருக்காரர்கள் அக்காவை ‘இன்ஜினியரம்மா’ என்றும் இன்ஜினியரை வெறும் ‘தம்பி’ என்றும் அழைத்தார்கள். தம்பி முதல் வாரம் திருத்தினார். இரண்டாம் வாரம் முறைத்தார். மூன்றாம் வாரம் ‘தம்பி’ என்றால் தானே திரும்பிப் பார்த்தார்.

நகராட்சி விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று. சனிக்கிழமை நண்பகலுக்குள் இருபத்து நான்கு குடும்பங்களும் ஒரே வரைபடத்தில் கையெழுத்திட வேண்டும். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் திட்டம் கைவிடப்படும். குடும்பங்கள் ஊருக்கு வெளியே உள்ள ஒன்பது மாடிக் குடியிருப்புக்கு அனுப்பப்படும்.

“ஒன்பதாவது மாடியா?” என்று கேட்டார் சலவைக்கடை அம்மா. “அழுக்குத் துணியத் தூக்கிக்கிட்டு எந்த மகராசன் ஒன்பது மாடி ஏறி வருவான்? அப்படியே வந்தாலும், தேச்ச சட்டை கீழ இறங்குறதுக்குள்ள மறுபடியும் கசங்கிடுமே!”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு நடுக்கம் இருந்தது. தெருவைப் பார்த்த முன்னறை ஒன்றே அவருடைய கடை, அவருடைய சோறு, அவருடைய சுயமரியாதை. கணவர் இல்லாத வீட்டில், கையேந்தாத வாழ்வை அந்த அறையில் நின்றுதான் அவர் தேய்த்து எடுத்தார். தெரு போனால் கடை போகும். கடை போனால் அவர் யாரோ ஒருவர் தயவில் வாழும் ஒருவராகிவிடுவார். இது அவருக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

அதனால்தான் அக்கா அட்டைப்பெட்டி முதலாளியின் வாசலுக்கு வந்தார். வரைபடம் என்பது வரைபவர்களின் மொழி. அதை வாழப்போகிறவர்களின் முன்னால் விரித்து, ‘புரிகிறதா?’ என்று கேட்டால், மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலையா சம்மதம் என்று எழுதிக்கொள்வது? காலமெல்லாம் தலையாட்டவே பழக்கப்பட்ட மக்களிடம் இன்னுமொரு தலையாட்டலை வாங்குவதா சீரமைப்பு?

“அவங்க அந்த வீட்டுக்குள்ள நடந்து பாக்கணும் சார். கட்டுறதுக்கு முன்னாடியே. முழு அளவுல ஒரு வீடு. அட்டையில முடியுமா?”

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நான் சோப்புக்குப் பெட்டி செஞ்சிருக்கேன், டிவிக்குப் பெட்டி செஞ்சிருக்கேன். மனுஷனுக்குப் பெட்டின்னா வேற மாதிரி அர்த்தமாகிடும்மா.”

“வீடுன்னு நினைச்சு செய்யுங்க சார்.”

“செய்யாம? என்கிட்ட வேலை பாக்குறவங்கள்ள முப்பது பேர் அந்தத் தெரு. பள்ளிக்கூடத்து வராந்தாவுல படுத்துட்டு வந்து பெட்டி மடிக்கிறாங்க. எனக்கு மட்டும் மெத்தையில தூக்கம் வருதுன்னா நினைக்கிறீங்க?”

இது ஈகை அல்ல. தாம் யாருடைய தோள்களின்மேல் நிற்கிறோம் என்று கணக்குத் தெரிந்த ஒருவரின் நேர்மை. அவரைப் பார்த்து பேருந்து நிறுவனத்தார் இரண்டு வண்டிகளை இலவசமாக விட்டார்கள். ரொட்டிக்கடைக்காரர் சூடான ரொட்டிகளைக் கூடைகூடையாக அனுப்பினார். பெயிண்ட் கடைக்காரர் மட்டும், “அட்டை வீட்டுக்கு நான் என்னத்தக் கொடுக்க?” என்று வருந்தி, ஒரு டப்பா நீலத்தைக் கொண்டுவந்து கதவுக்குப் பூசிவிட்டே போனார்.

புதன்கிழமை தெரு முழுவதும் திரண்டு வந்தது. நீலக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தவர்கள் நடந்தார்கள், உட்கார்ந்தார்கள், ஒருவர் சமையலறையில் நின்று இல்லாத அடுப்பை ஊதினார். பெண்கள் அங்கே சன்னலை இடம் மாற்றச் சொன்னார்கள். அக்கா அந்த நொடியே கத்தியை எடுத்துப் புதிய சன்னலை வெட்டினார். “இவ்வளவு காலமா சமையல்கட்டுக்கு வெளிச்சம் வேணும்னு சொன்னப்பல்லாம், ‘அடுத்த வருஷம் பாக்கலாம்’ங்கிற பதிலத்தான் கேட்டிருக்கேன்,” என்றார் ஒரு பெண், அந்த ஓட்டையில் கையை விட்டு ஆட்டியபடி. “அரை நிமிஷத்துல ஆகுற வேலையா இது!” அவருடைய கணவர் அட்டைச் சுவரை மிகக் கவனமாக ஆராயத் தொடங்கினார்.

சலவைக்கடை அம்மா தம் மகளோடு முன்னறைக்கு வந்தார். மேசைக்கு நான்கடி, துணி அலமாரிக்கு இரண்டடி என்று தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். பிறகு பையிலிருந்து ஏழடிப் போர்வை ஒன்றை உருவி, ஒரு முனையை மகளிடம் நீட்டினார். இருவரும் விரித்து இழுத்தார்கள். பிடித்து நிற்க ஆளுக்கோர் அடி. அம்மாவின் முதுகு சுவரைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

“இடிக்கலடி!” என்று கூவினார். “இருபது வருஷமா வாசல்ல நின்னு, போறவன் வர்றவன் கால்லல்லாம் தட்டத் தட்ட மடிச்சேன். இனிமே உள்ளயே மடிப்பேன்!”

அன்று மாலைக்குள் இருபத்து நான்கு கையெழுத்தும் வரைபடத்தில் விழுந்தன. அக்கா வீடு திரும்பும்போது பேருந்தில் பாட்டு முணுமுணுத்தார். தம்பி அதைக் கேட்டது அதுவே முதல் முறை. கடைசியாகவும் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் தம்பி அளவுநாடாவோடு அட்டை வீட்டுக்குள் புகுந்தார். ஐந்தாம் நிமிடம் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, முன்னறை அகலம் பதினஞ்சு அடி.”

“ஆமா. நாம போட்டது பதினஞ்சுதானே?”

“நாம போட்டது சுவரோட சேர்த்து பதினஞ்சு. இங்க உள்ளயே பதினஞ்சு!”

தொழிற்சாலையின் மேற்பார்வையாளரான பெண்மணியை எல்லோரும் ‘மேஸ்திரியம்மா’ என்பார்கள். அவர் இடுப்பில் கைவைத்து நின்றார்.

“பின்ன? பெட்டின்னா உள்ளளவுதான். பதினஞ்சுன்னு சொன்னீங்க, உள்ள பதினஞ்சு விட்டோம். முப்பது வருஷமா அப்படித்தான் செய்றோம். சோப்ப உள்ள வைப்பாங்களா, வெளிய ஒட்டுவாங்களா?”

அக்கா வரைபடத்தையும் அட்டைச் சுவரையும் மாறிமாறிப் பார்த்தார். கட்டடம் வரைபவர்கள் வெளியிலிருந்து அளக்கிறார்கள். பெட்டி செய்கிறவர்கள் உள்ளே இருக்கப்போவதை நினைத்து அளக்கிறார்கள். இந்த இரண்டில் எது பெரிய படிப்பு?

ஆனால் சிக்கல் சிக்கல்தான். காகிதத்தில் உள்ளபடி கட்டினால் முன்னறைக்குள் பதிமூன்றரை அடியே கிடைக்கும். போர்வையை மடிக்கிறவர் சுவருக்குள் நிற்க வேண்டும். அட்டையில் உள்ளபடி கட்டினால் வீடு பதினாறரை அடி வரும். மனையோ பதினாறடி.

தம்பி குரலைத் தாழ்த்தினார். “அக்கா, கையெழுத்து போட்டது காகிதத்துலதானே? சட்டப்படி அதுதான் செல்லும். நாளன்னைக்கு நிபந்தனைத் தேதி. இப்போ போய் வாயத் திறந்தா…”

“அவங்க காகிதத்துக்குள்ளயா நடந்தாங்க?”

“இல்ல.”

“காகிதத்துக்குள்ளயா போர்வைய விரிச்சாங்க?”

தம்பி அளவுநாடாவைச் சுருட்டினார். “சரி. எத்தன மணிக்குக் கூட்டம்?”

வெள்ளிக்கிழமை காலையில் அதே கூடத்தில், பெட்டிக் கட்டுகளின்மேல் தெருவே அமர்ந்திருந்தது. அக்கா சுற்றி வளைக்கவில்லை. “தப்பு எங்களோடது. நீங்க பார்த்த வீடு ஒண்ணு, கையெழுத்து போட்ட வீடு ஒண்ணு. காகிதத்துல இருக்கிறது ஒன்றரை அடி சின்னது,” என்றார்.

ஒரே நேரத்தில் நாற்பது வாய்கள் திறந்தன.

“அப்ப என் சன்னல்?”

“சன்னல் இருக்கு, அதுக்குப் பக்கத்துல நிக்கிறதுக்கு நீதான் இளைக்கணும்!”

“நிறுத்துங்கப்பா, அந்தம்மா சொல்லாமலே விட்டிருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்குமா? அத முதல்ல பாருங்க!”

சலவைக்கடை அம்மா பையிலிருந்த போர்வையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

அப்போது மேஸ்திரியம்மா கையுயர்த்தினார். “எனக்கு ஒண்ணு விளங்கல. வரைபடத்துல வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல அது என்ன வெள்ளைக் கோடு?”

“அது சந்து,” என்றார் தம்பி. “ஒரு பக்கம் அரை அடி, அந்தப் பக்கம் அரை அடி. நடுவுல ஓரடிச் சந்து.”

“எதுக்கு?”

“எல்லாரும் விடுவாங்க.”

“விதியா?”

தம்பி யோசித்தார். “விதி இல்ல. பழக்கம்.”

விதி இல்லை, பழக்கம்! ஓர் ஆள் நுழைய முடியாத, ஒரு விளக்குமாறு புக முடியாத, ஒருவருக்கும் பயன்படாத ஓரடி இருட்டு. என் சுவர் வேறு, உன் சுவர் வேறு என்று காட்டுவதற்காகவே விட்டுவைத்த இருட்டு. அதற்குப் பெயர் பழக்கம்!

“நான் லாரியில பெட்டி ஏத்துறேன்,” என்றார் மேஸ்திரியம்மா. “நடுவுல இடம் விட்டு ஏத்தினா, முதல் திருப்பத்துலயே எல்லாம் நசுங்கிடும். ஒட்டி ஒட்டி அடுக்கினா ஒண்ணை ஒண்ணு தாங்கும். இருபத்து நாலு வீட்டுக்கும் ஏன் தனித்தனிச் சுவரு?”

தம்பி தரையிலேயே மண்டியிட்டார். சுண்ணக்கட்டி பறந்தது. “அக்கா… வெள்ளம் எந்த வழியா அடிச்சுது தெரியுமா? சந்து வழியாத்தான்! அந்தக் குறுகின இடத்துல வேகம் எடுத்து, அஸ்திவாரத்தையே அரிச்சு எடுத்துட்டுப் போச்சு. சந்தே இல்லன்னா…” அவர் எழுதிக்கொண்டே போனார். “ஒரு வரிசையில பன்னிரண்டு மனை, நூத்தித் தொண்ணூத்திரெண்டு அடி. வீடு பன்னிரண்டும் உள்ளளவு பதினஞ்சுன்னா நூத்தியெண்பது. மிச்சம் பன்னிரண்டு அடி. பொதுச்சுவரு பதிமூணு. ஒவ்வொண்ணும் பதினோரு அங்குலம்! முன்ன போட்டதவிட கெட்டிச் சுவரு! நீளவாட்டுல கூடுறத பின்முற்றம் தாங்கிக்கும். இடம் போதும் அக்கா. இன்னும் ஒரு அங்குலம் மிச்சம்கூட இருக்கு!”

கூடம் ஆர்ப்பரித்தது. முதலாளி, யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் ஒரு பெட்டிக் கட்டைக் கட்டிப்பிடித்தார். மாலைக்குள் புதிய வரைபடம் தயாரானது. வரிசையாகக் கையெழுத்துகள் விழுந்தன. இருபத்திரண்டு.

இரண்டு வரவில்லை. ஏழாம் மனை, எட்டாம் மனை.

ஏழாம் மனை சலவைக்கடை அம்மாவுடையது. எட்டாம் மனை தையல்காரருடையது. அவர் வேறு யாருமல்லர், அம்மாவின் சம்பந்தி. அம்மாவின் மகள், தையல்காரரின் மருமகள். திருமணமான மூன்றாம் மாதம் தையல்காரர் ஒரு கோட்டைத் தைத்து, தேய்க்கக் கொடுத்தார். அது முதுகில் இஸ்திரிப்பெட்டியின் வடிவத்தில் ஒரு கருப்பு முத்திரையோடு திரும்பி வந்தது. “துணி மட்டம், சூடு தாங்கல,” என்றார் அம்மா. “கை மட்டம்,” என்றார் தையல்காரர். அதன்பின் ஆறு ஆண்டுகள் இருவரும் ஒரு சொல் பேசவில்லை. அந்தப் பெண் அம்மாவுக்கு மகள், மாமனாருக்கு மருமகள், இருவருக்கும் தபால்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சந்தில் ஒரு பக்கத்திலிருந்து கத்தரித்த துண்டுகளும், மறுபக்கத்திலிருந்து கரிச்சாம்பலும் விழுந்து குவிந்தன.

“அந்தாளோட ஒரே சுவரா?” என்றார் அம்மா. “அவர் மூச்சு விட்டாக்கூட என் சட்டையெல்லாம் சுருங்கும்.”

“மருமகளே,” என்றார் தையல்காரர், நான்கடி தள்ளி நின்றுகொண்டு, “உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்கும் ஆசை இல்லன்னு.”

“அம்மா, மாமாவுக்கும் ஆசை இல்லையாம்.”

“கேட்டுச்சு. நான் என்ன செவிடா?”

அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மேஸ்திரியம்மா உட்காரவில்லை. தம் ஆட்களைப் பார்த்து விரலைச் சொடுக்கினார். வேலை முடியும் சங்கு ஊதும் முன்பே, அட்டை வீட்டை ஒட்டி இன்னொரு முன்னறை எழத் தொடங்கியது. நடுவில் ஒரே சுவர்.

சனிக்கிழமை காலை பத்தரை மணி. அம்மா ஒரு பக்கம் நிறுத்தப்பட்டார். கழுத்தில் அளவுநாடா தொங்க, தையல்காரர் மறுபக்கம். கூடத்தில் மற்ற குடும்பங்கள் ரொட்டி தின்றபடி, எதையும் கவனிக்காததுபோல் விட்டத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

“சத்தம் எப்படி வருதுன்னு சோதிக்கணும். பேசிப் பாருங்க,” என்றார் மேஸ்திரியம்மா.

கடிகாரம் மட்டுமே பேசியது. பத்து நிமிடம். கால் மணி.

“மருமகளே,” என்று தொடங்கினார் தையல்காரர், “உங்கம்மாகிட்ட கேளு, மேசை எந்தப் பக்கம் போடப்போறாங்கன்னு.”

“நான் அங்க இல்ல மாமா,” என்று தூரத்திலிருந்து குரல் வந்தது. “வாய் நிறைய ரொட்டி. நீங்களே கேளுங்க.”

இருமல். செருமல். பிறகு: “சம்பந்தியம்மா. மேசை எந்தப் பக்கம்?”

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் சொல். விட்டத்தைப் பார்த்தவர்களெல்லாம் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

“உங்க பக்கம்தான்,” என்றார் அம்மா. “சுவத்துல முட்டுக் கொடுத்தாத்தான் மேசை ஆடாது.”

“என் மெஷினும் இதே சுவத்துலதான் வரும். கடகடன்னு கேக்கும்.”

“கேக்கட்டும். நீங்க வேலை செய்றீங்களா, தூங்குறீங்களான்னு தெரியும்ல.”

யாரோ சிரிப்பை அடக்க முயன்று இருமினார். அம்மா போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டார். நாளை இந்நேரம் தாம் எங்கே இருப்போம் என்பது இந்த அட்டைக்கு அந்தப்பக்கம் நிற்கும் ஒருவரையும், இந்தப்பக்கம் நிற்கும் தம்மையும் பொறுத்தது என்று அவருக்குத் தெரியும். மேடை போட்டு மன்னிப்புக் கேட்க அவரால் முடியாது. முகம் தெரியாத சுவரிடம் முடிந்தது.

“சம்பந்தி. அந்தக் கோட்டு… துணி நல்லாத்தான் இருந்துச்சு. வாசல்ல தகராறு, எட்டிப் பாக்கப் போனேன். பெட்டிய எடுக்க மறந்துட்டேன். கருக்கினது நான்தான்.”

சுவரின் மறுபக்கம் அளவுநாடா சுருண்டது, விரிந்தது, மீண்டும் சுருண்டது.

“துணியும் மட்டம்தாம்மா,” என்றார் தையல்காரர் கடைசியில். “கம்பளின்னு சொல்லிக் கலப்படத்த வச்சித் தச்சேன். மாட்டிக்கப்போறேனேன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நீங்க கருக்கினீங்க, நான் தப்பிச்சேன்.”

“அடப்பாவி மனுஷா! ஆறு வருஷமா நான் தூங்காம கிடந்தேனே!”

“நானும்தான்!”

இதற்குமேல் விட்டத்தைப் பார்க்க யாராலும் முடியவில்லை. கூடமே வெடித்துச் சிரித்தது. மகள் ரொட்டியை மேசைமேல் எறிந்துவிட்டு ஓடி வந்தார். முதலாளி கண்களைத் துடைத்துக்கொண்டு, “நகராட்சிக்கு பஸ் கிளம்ப இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு, கையெழுத்து போடுங்க, அப்புறம் சண்டை போடுங்க!” என்று கத்தினார். அம்மா நீலக் கதவைத் திறந்து வெளியே வந்தார். தையல்காரரும் வந்தார். பேனாவை முதலில் யார் வாங்குவது என்று ஒரு சிறு தள்ளுமுள்ளு நடந்தது, அம்மா வென்றார். இருபத்து மூன்று. இருபத்து நான்கு.

வாசலில் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. வரைபடத்தைச் சுருட்டப்போன தம்பி சட்டென்று நின்றார். “அக்கா, அந்த ஒரு அங்குலம்! வரிசைக்கு ஒண்ணு மிச்சம் இருக்கே, எங்க காட்டுறது? கணக்கு இடிக்கும், நகராட்சியில கேப்பாங்க.”

“கடைசி வீட்டுக்குக் கொடு!” “எதுக்கு? முதல் வீட்டுக்கு!” என்று குரல்கள் எழுந்தன. புதிய சண்டை ஒன்று அரும்பும் நேரத்தில், தையல்காரர் கழுத்திலிருந்த நாடாவைச் சரிசெய்துகொண்டு முன்னே வந்தார்.

“இதுக்குப் போய் ஏன் அடிச்சுக்கிறீங்க? நாங்க எந்த சட்டைய வேணாலும் ஒரு அங்குலம் உள்ள மடிச்சுத்தான் தைப்போம். ஆள் வளர்ந்தா பிரிச்சு விட்டுக்கலாம். அது மாதிரி உள்ள மடிச்சு வைங்க, இன்ஜினியரம்மா. தெரு வளரும்.”

அக்கா பென்சிலை எடுத்து, வரிசையின் ஓரத்தில், ‘உள்மடிப்பு: ஓர் அங்குலம்’ என்று எழுதினார்.

“மடிச்சா மட்டும் போதுமா, சம்பந்தி?” என்றார் சலவைக்கடை அம்மா, போர்வையின் மறுமுனையை அவர் கையில் திணித்தபடி. “மடிப்பு நிக்கணும்னா நான்தான் தேய்க்கணும். இழுத்துப் பிடிங்க!”